போர்ச்சுகீசியர் வரலாற்றைத் தணிக்கை செய்வது எப்படி?

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த ஆண்டு 1498 என்பது பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் மறக்காது. அவர் ஏற்றிப் போன சரக்கில் எவ்வளவு லாபம், அந்த லாபம் கடைசியில் யார் பெட்டிக்குள் போனது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நம் புத்தகங்கள் கப்பலையும் கோட்டையையும் சிலுவையையும் விரிவாகச் சொல்லும், கல்லாப்பெட்டியைக் காட்டாது.

நான் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து வயிறு வளர்த்தவன். ஓய்வுபெற்ற பிறகு வரலாறு படிக்க உட்கார்ந்தாலும் பழைய புத்தி விடவில்லை. எந்த ராஜாவைப் பற்றிப் படித்தாலும் "வவுச்சர் எங்கே?" என்றுதான் மனசு கேட்கும். அந்தப் புத்தியோடு படித்தால் போர்ச்சுகீசியர் வரலாறு நன்றாகவே புரிகிறது. அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது உடனடியாக உதவாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன நாடு 1415இல் செயூத்தாவைப் பிடித்ததிலிருந்து 1999இல் மக்காவ் தீவைச் சீனாவிடம் திருப்பிக் கொடுத்தது வரை எப்படிப் பிழைத்தது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கான வழி இது.

முதலில் ஒரு நீள நோட்டு

பக்கத்துக்கு மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் வரவு: அந்தக் காலத்தில் லிஸ்பன் எதை வைத்துப் பிழைத்தது. இரண்டாவதில் போக்கு: வந்த பணம் லிஸ்பனிலிருந்து எங்கே கிளம்பியது. மூன்றாவது பத்திக்குத் தலைப்பு, "கணக்கில் பெயர் இல்லாதவர்கள்".

பக்கங்களை ராஜாக்களின் வரிசையில் பிரிக்காதீர்கள். மானுவேல், ஜுவாவ், செபாஸ்தியாவ் என்று அடுக்கினால் தலைதான் சுற்றும். சரக்கின் வரிசையில் பிரியுங்கள். 15ஆம் நூற்றாண்டுக்கு ஆப்பிரிக்கத் தங்கமும் அடிமைகளும், 16க்கு மிளகு, 17க்குச் சர்க்கரை, 18க்குப் பிரேசில் தங்கம், 19க்குப் புலம்பெயர்ந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம், 20க்கு ஆப்பிரிக்கக் காலனிகள். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், பரவாயில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதி வட்டமிடுங்கள்: 1500 வாக்கில் போர்ச்சுகலின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அவ்வளவு பேரில் கப்பலுக்கு ஆள், கோட்டைக்கு ஆள், பிரேசிலுக்கு ஆள், போக மிச்சம் உள்ளவர்கள் வயலில். எந்தப் பெரிய வெற்றியைப் படித்தாலும் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் ஏன் நிலத்தைப் பிடிக்காமல் துறைமுகங்களை மட்டும் பிடித்தார்கள் என்பது விளங்கிவிடும்.

அளவையும் நாணயமும் தெரியாமல் தொடாதீர்கள்

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குவிண்டால் என்று கண்டதும் நம் வழக்கப்படி 100 கிலோ என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பாதிக்குப் பாதி தப்பிவிடும். போர்ச்சுகீசியக் குவிண்டால் 4 அரோபா. ஒரு அரோபா 14.7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே குவிண்டால் சுமார் 58.75 கிலோ. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மிளகுக்கென்று பழைய சிறிய குவிண்டால் ஒன்று இருந்தது, அது 51 கிலோ சொச்சம். எந்தக் குவிண்டால் என்று எழுதியிராத புள்ளிவிவரத்தைக் கண்டால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

நாணயம் சுலபம். அடிப்படை அலகு ரெயால், பன்மையில் ரெய்ஸ். 400 ரெய்ஸ் ஒரு குருசாடோ. 1,000 ரெய்ஸ் மில்ரெய்ஸ். 10 லட்சம் ரெய்ஸ் ஒரு கோன்டோ. லட்சக் கணக்கில் பழகிய நமக்கு இது வசதிதான். கோவாவில் ஷெராஃபிம் என்று தனி நாணயம் புழங்கியது, அது 300 ரெய்ஸ். 1910இல் குடியரசு வந்தபிறகு, 1911இல் 1,000 ரெய்ஸை ஒரு எஸ்குடோ என்று மாற்றினார்கள். யூரோ வந்தபோது 200.482 எஸ்குடோவுக்கு ஒரு யூரோ. பழைய கையெழுத்துக் கணக்கில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் ஆங்கில யூ எழுத்து மாதிரி ஒரு குறி நிற்கும். அச்சில் வந்த பிற்காலக் கணக்கில் அதே இடத்தில் டாலர் குறி நிற்கும். அதைப் பார்த்து அமெரிக்க டாலர் என்று மொழிபெயர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். போர்ச்சுகல் 1582லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி இருந்தால் எழுத்துப்பிழை என்று முடிவுகட்ட வேண்டாம்.

மிளகு மூட்டை ஒன்றை முழுசாகத் தொடருங்கள்

எல்லாச் சரக்கையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயன்றால் எதுவும் கையில் நிற்காது. ஒன்றே ஒன்றை ஆதியிலிருந்து அந்தம் வரை தொடருங்கள். மிளகுதான் நல்ல ஆரம்பம்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியில் ஒரு குவிண்டால் மிளகு ஏறக்குறைய 3 குருசாடோ. லிஸ்பனில் அது 20 குருசாடோவுக்கு மேல். இதைப் பார்த்ததும் ஏழு மடங்கு லாபம் என்று எழுதிவிடுவார்கள். தணிக்கைக்காரன் அங்கேயே பேனாவை வைத்துவிட மாட்டான். கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவில் என்னென்ன செலவு இருந்தது?

மார்ச், ஏப்ரலில் லிஸ்பனில் கிளம்பும் கப்பல் செப்டம்பர் வாக்கில் கோவாவுக்கு வரும். டிசம்பர், ஜனவரியில் திரும்பப் புறப்பட்டால் அடுத்த கோடையில் லிஸ்பன். போட்ட முதல் ஒன்றரை வருஷம் கடலில் கிடக்கிறது. எல்லாக் கப்பலும் திரும்பி வராது. கோவா, கொச்சி, ஓர்முஸ், மலாக்கா, தியூ என்று கோட்டைகளுக்கும் அங்குள்ள சிப்பாய்களுக்கும் சம்பளம் தர வேண்டும். மலபார்க்காரர்கள் போர்ச்சுகலிலிருந்து வரும் சரக்கைக் கொடுத்தால் மிளகு தருவார்களா? மாட்டார்கள். செம்பு கேட்டார்கள், வெள்ளியும் தங்கமும் கேட்டார்கள். செம்பும் வெள்ளியும் ஜெர்மன் சுரங்கங்களில் இருந்தன. அதனால் 1505ஆம் ஆண்டுக் கப்பல் வரிசையிலேயே ஜெர்மன் வணிகக் குடும்பங்கள் சேர்ந்து 36,000 குருசாடோ முதல் போட்டுவிட்டன. அதில் வெல்சர் குடும்பத்தின் பங்கு மட்டும் 20,000. இத்தாலிய வணிகர்களும் தனியாகப் போட்டார்கள்.

சரி, மிளகு லிஸ்பன் வந்தாயிற்று. இறங்குமிடம் காசா ட இந்தியா. தேஜு ஆற்றங்கரையில் மானுவேல் மன்னர் கட்டிய அரண்மனையின் கீழ்த்தளம்தான் அந்தக் கிடங்கும் அலுவலகமும். கீழே மிளகு, மாடியில் ராஜா. பிரெஞ்சு மன்னர் பிரான்சுவா அவரை "மளிகைக்கடை ராஜா" என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். கேலி பொருத்தம்தான். ஆனால் அந்த மளிகையின் சில்லறை விற்பனை லிஸ்பனில் நடக்கவில்லை. மிளகு அப்படியே இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப்புக்குப் போனது. அங்கே அரசரின் முகவர் அலுவலகம் இருந்தது. செம்பும் வெள்ளியும் அங்கேதான் வாங்க வேண்டும், கடனும் அங்கேதான் வாங்க வேண்டும். வரப்போகும் மிளகைக் காட்டிக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி, வட்டியைக் கட்ட மறுபடி கடன். 1549இல் அந்த ஆன்ட்வெர்ப் அலுவலகத்தையே மூடினார்கள். 1560இல் காசா ட இந்தியா கடன்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தது. உலக மிளகு வணிகத்தின் உச்சியில் நின்ற அரசு!

இரண்டாவது பத்தியில் இப்போது என்ன எழுதுவீர்கள்? ஆன்ட்வெர்ப், ஆக்ஸ்பர்க், ஜெனோவா. வாய்க்கால் லிஸ்பன் வழியாக ஓடியது, பாய்ந்த வயல் வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் அடுத்த நானூறு வருஷத்தில் அதை மறுபடி மறுபடி பார்ப்பீர்கள்.

மிளகுப் பக்கத்தை மூடுவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயங்களைச் சோதியுங்கள். ஒன்று, கார்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு. இந்தியப் பெருங்கடலில் போகும் ஆசியக் கப்பல்கள் அதை வாங்க வேண்டும். கப்பல், தலைவன், சரக்கு, ஆயுதம், போகும் வழி எல்லாம் அதில் இருக்கும். சீட்டுக்கான கட்டணம் சொற்பம். அப்படியென்றால் அதில் என்ன வருமானம் என்று கேட்பீர்கள். சீட்டு வாங்கியவர் போர்ச்சுகீசியத் துறைமுகம் ஒன்றில் நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வரும்படி அங்கேதான். கோவா அரசின் வருமானத்தில் பெரும்பங்கு ஓர்முஸ், கோவா, தியூ, மலாக்கா சுங்கச் சாவடிகளிலிருந்து வந்தது. மிளகு வியாபாரி என்று நாம் நினைப்பவர், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுங்கச்சாவடிக்காரர்.

இன்னொன்று, கப்பலில் தனியார் சரக்கு. மாலுமி முதல் கேப்டன் வரை ஆளுக்குத் தகுந்தபடி பெட்டி கொண்டுவர உரிமை இருந்தது. அது சம்பளத்தின் ஒரு பகுதி. அரசர் மிளகை வைத்துக்கொண்டு நஷ்டக் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பெட்டிகளில் குஜராத் துணியும் சீனப் பட்டும் வைரமும் வந்துகொண்டிருந்தன. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் சரக்கின் மதிப்பில் பெரும்பகுதி தனியாருடையது, அதிலும் துணிதான் முதலிடம். அரசு நஷ்டம் என்பதாலேயே போர்ச்சுகீசியர் எல்லோருக்கும் நஷ்டம் என்று எழுதிவிடாதீர்கள். சங்கம் திவாலாகும்போது செயலாளர் வீடு கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நிலநடுக்கத்திலும் அதை அடுத்து வந்த கடலலையிலும் தீயிலும் அந்த ஆற்றங்கரை அரண்மனை போய்விட்டது. காசா ட இந்தியாவின் பேரேடுகளும் அதோடு போயின. அதனால்தான் மிளகுக் கணக்குக்கு நாம் ஆன்ட்வெர்ப், இத்தாலிய வணிகர் கடிதங்கள், கோவா ஏடுகள் என்று எதிர்த்தரப்பு வவுச்சர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது பத்தி

இந்தப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு முன்னேற முடியாது. 1444 ஆகஸ்டில் தெற்குப் போர்ச்சுகலின் லாகோஸ் ஊரில் 235 ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கிப் பங்கு பிரித்தார்கள். அதை நேரில் பார்த்த மாதிரி எழுதிய அரண்மனை வரலாற்றாசிரியர் சுராரா, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்ததையும் அவர்கள் தரையில் விழுந்து அழுததையும் சொல்கிறார். அதே பக்கத்தில் இளவரசர் என்ரிக்கேவுக்கு ஐந்தில் ஒரு பங்காக 46 பேர் கிடைத்ததையும் பதிவு செய்கிறார். அழுகையும் கணக்கும் ஒரே மையில்.

பிறகு வந்த அடிமை வணிகத்தில் "பேசா" என்ற அளவை பாருங்கள். ஆரோக்கியமான வாலிப ஆண் ஒருவர் ஒரு பேசா. குழந்தைகளும் வயதானவர்களும் பின்னம். சிறுவர்கள் மூன்று பேரைச் சேர்த்து இரண்டு பேசா என்று எழுதியது உண்டு. ஆகவே ஒரு கப்பலில் 300 பேசா என்றிருந்தால் 300 பேர் என்று எழுதக்கூடாது. ஆட்கள் அதற்கு மேல். குவிண்டால் விஷயத்தில் சொன்ன எச்சரிக்கை இங்கே மனிதர்களுக்குப் பொருந்துகிறது.

மொத்தமாக ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது இன்றைய மதிப்பீடு. அதில் போர்ச்சுகீசிய, பிரேசில் கப்பல்களின் பங்கு 58 லட்சம் வரை. பிரேசில் கரையில் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 48 லட்சம். வேறு எந்த நாட்டுக் கப்பல்களும் இத்தனை பேரைக் கொண்டுபோகவில்லை. "பிரிட்டிஷ்காரர்களைவிடப் போர்ச்சுகீசியர் கலந்து பழகியவர்கள், மென்மையானவர்கள்" என்ற பேச்சு எங்காவது வந்தால் இந்த எண்களை எடுத்து நீட்டுங்கள்.

போக்குப் பத்தியில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வணிகத்தின் பெரும்பகுதி லிஸ்பனைத் தொடவே இல்லை. பிரேசிலில் உள்ள பாயியாவின் மட்டமான புகையிலையைச் சர்க்கரைப்பாகில் நனைத்துச் சுருட்டி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்புவார்கள், திரும்பும் கப்பலில் மனிதர்கள். அங்கோலாவுக்குப் பிரேசில் சாராயம். சால்வடார், ரியோ வணிகர்களும் அங்கோலாவின் லுவாண்டாவும் நேரடிக் கணக்கு. 1822இல் பிரேசில் பிரிந்துபோனதற்கு இதுவும் ஒரு வேர்.

சர்க்கரையை வேகமாகக் கடந்துவிடலாம். மதெய்ரா தீவில் தொடங்கி, சாவ் தோமேயில் அடிமைத் தோட்டமாக வளர்ந்து, பிரேசிலின் பெர்னாம்புகோவிலும் பாயியாவிலும் முழு உருவம் எடுத்த பயிர் அது. 1630 முதல் 1654 வரை டச்சுக்காரர்கள் பெர்னாம்புகோவைப் பிடித்து வைத்திருந்தார்கள். போனவர்கள் கையில் தொழில்நுட்பமும் போனது. கரீபியன் தீவுகளில் போட்டி முளைத்தது. அதே டச்சுக்காரர்கள் கிழக்கே 1641இல் மலாக்கா, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும், 1663இல் கொச்சி என்று வரிசையாகப் பறித்தார்கள். இடையில் இளவரசி கேத்தரினின் கல்யாணத்துக்குச் சீதனமாக பம்பாயும் டாஞ்சியரும் 20 லட்சம் குருசாடோவும் இங்கிலாந்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. இதைச் சீதனம் என்பதைவிடக் கூட்டாளிக்குக் கொடுத்த பாதுகாப்புக் கட்டணம் என்று பதிவு செய்வது சரி.

தங்கம், ஒயின், ரிக்கார்டோ

1690களில் பிரேசிலின் மினாஸ் பகுதியில் தங்கம் கிடைத்தது. அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு. தங்கத்தை உருக்குசாலைக்குக் கொண்டுபோய், ஐந்தில் ஒன்றைக் கழித்து, முத்திரை குத்திய கட்டியாகத்தான் வாங்கிவர வேண்டும். 1750 முதல் மொத்தமாக ஆண்டுக்கு 100 அரோபா கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். அளவை இப்போது உங்களுக்குத் தெரியும்: சுமார் 1,469 கிலோ. குறைந்தால் ஊர்மேல் தண்டவரி. அந்தத் தண்டவரி வரப்போகிறது என்ற பயம்தான் போர்ச்சுகல் ஆட்சிக்கு எதிராக மினாஸில் நடந்த 1789 சதிக்கு உடனடித் தூண்டுதல். அதில் அகப்பட்டு 1792இல் தூக்கிலிடப்பட்டவர் திராதென்தெஸ்.

கடத்தல் எவ்வளவு நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்காது, கடத்தலின் இலக்கணமே அது. ஆனால் மரத்தில் செய்த சாமியாரின் வயிற்றைக் குடைந்து தங்கத்தூளை வைத்து அனுப்பிய கதை பிரேசிலில் பழமொழியாகவே நிற்கிறது. வெளியே பக்தி, உள்ளே வேறு என்று இருப்பவரை இன்றும் "உள்ளே பொந்துள்ள புனிதர்" என்பார்கள்.

லிஸ்பனுக்கு வந்துசேர்ந்த தங்கம்? கொஞ்சம் மாஃப்ரா அரண்மனை மடாலயமாக நிற்கிறது, 1717இல் தொடங்கிய வேலை. மீதி எங்கே என்று தேடினால் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குப் போய்ச் சேருவீர்கள். போர்ச்சுகலிலிருந்து தங்கத்தை வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். ஆனால் லிஸ்பனுக்கும் ஃபால்மத்துக்கும் இடையே ஓடிய ஆங்கிலேயத் தபால் கப்பல்களையும் போர்க்கப்பல்களையும் சோதனை போட முடியாது. வேறென்ன வேண்டும்? இங்கிலாந்திலிருந்து துணி வந்தது, தானியம் வந்தது. தங்கக் காசு தபால் கப்பலில் போனது. இங்கிலாந்தின் சில பகுதிகளில் போர்ச்சுகீசியத் தங்கக் காசு கடைத்தெருவிலேயே புழங்கியது.

இங்கே மெத்துவன் ஒப்பந்தத்தை எல்லோரும் இழுப்பார்கள். 1703 டிசம்பர் 27: இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகலில் அனுமதி, போர்ச்சுகீசிய ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரி. போர்ச்சுகலின் நெசவாலைகளைக் கொன்றது இதுதான் என்பது வழக்கமான தீர்ப்பு. நான் ஒப்ப மாட்டேன். எரிசெய்ரா பிரபு 1670களில் அரசு ஆதரவோடு தொடங்கிவைத்த ஆலைகள், அவர் 1690இல் இறந்தபோதே ஆதரவிழந்துகொண்டிருந்தன. ஒயின் விற்றது, பிறகு தங்கமும் வந்தது. ஆலைக்காக யார் கஷ்டப்படுவார்கள்? ஒப்பந்தம் சவத்துக்குப் போட்ட கையெழுத்து.

அப்புறம் 1817இல் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ எழுதிய பிரபலமான உதாரணம். போர்ச்சுகலில் ஒயினுக்கு 80 ஆள், துணிக்கு 90. இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. ஆகவே போர்ச்சுகல் ஒயினை மட்டும் செய்தால் இருவருக்கும் லாபம். பொருளாதாரம் படித்த எல்லோருக்கும் இது முதல் பாடம். அந்த நான்கு எண்களும் அவர் வாதத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். எந்தப் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. உங்கள் நோட்டில் அவற்றை எழுதாதீர்கள். எழுத வேண்டியது, அந்த உதாரணத்தில் பிரேசில் தங்கமும் அதைத் தோண்டிய அடிமைகளும் ஒரு வரியில்கூட இல்லை என்பதை.

1807க்குப் பிறகு

நெப்போலியன் படை வந்ததும் அரச குடும்பம் கருவூலத்தோடு கப்பலேறி ரியோவுக்குப் போனது. 1808இல் பிரேசில் துறைமுகங்கள் மற்ற நாடுகளுக்குத் திறந்தன. 1810 ஒப்பந்தப்படி பிரேசிலில் பிரிட்டிஷ் சரக்குக்கு 15 சதவீத வரி. அப்போது போர்ச்சுகலின் சொந்தச் சரக்குக்கு 16. இந்த ஒரு சதவீதத்தைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள்.

1825இல் பிரேசில் சுதந்திரத்தை அங்கீகரிக்க 20 லட்சம் பவுண்ட் பேசினார்கள். அதில் 14 லட்சத்துக்கு, போர்ச்சுகல் லண்டனில் வாங்கியிருந்த கடனைப் பிரேசில் ஏற்றுக்கொண்டது. புதிய நாடு பிறக்கும்போதே பழைய எஜமானின் கடன் தலையில். பணம் மறுபடி லண்டனில்.

19ஆம் நூற்றாண்டின் வரவுப் பத்தியில் ஏழைகளின் பெயர் முதல்முறையாக வருகிறது. வடக்குப் போர்ச்சுகலின் மின்ஹோ பக்கத்துப் பையன்கள் பிரேசிலில் கடைச் சிப்பந்திகளாக வேலை பார்த்து அனுப்பிய பணம்தான் நாட்டின் வெளிவணிகப் பற்றாக்குறையை மூடியது. ரயில் பாதை எல்லாம் கடனில். 1889இல் பிரேசிலில் முடியாட்சி விழுந்து அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்தது, வீட்டுக்கு வரும் பணம் குறைந்தது. 1891இல் போர்ச்சுகல் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது, 1892இல் பாதித் திவால். காரணத்தை அரண்மனையில் தேடாதீர்கள், மணியார்டரில் தேடுங்கள்.

20ஆம் நூற்றாண்டில் சர்வாதிகாரி சலசாரின் பட்ஜெட் சமமாக இருந்ததென்று இன்றும் சிலர் சிலாகிப்பார்கள். சமமான பட்ஜெட்டைக் கண்டால் இன்னும் கூர்ந்து பார்ப்பது என் தொழில் வழக்கம். மொசாம்பிக் விவசாயிகள் பருத்தி விதைத்தே ஆக வேண்டும், உலகச் சந்தையைவிடக் குறைந்த விலைக்கு விற்றாக வேண்டும். அந்தப் பஞ்சு போர்ச்சுகல் ஆலைகளுக்கு. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்குப் போன மொசாம்பிக் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்தார்கள். 1928 உடன்பாட்டின் வழியில் வந்த ஏற்பாட்டில் அது போர்ச்சுகலுக்குத் தங்கமாக, நிர்ணயித்த விலையில் வந்தது. ஊர் திரும்பிய தொழிலாளிக்குக் கொடுத்தது எஸ்குடோ தாள். சந்தையில் தங்கம் ஏறினால் அந்த வித்தியாசம் யாருக்கு? போர்ச்சுகல் மத்திய வங்கியில் இன்று சுமார் 382 டன் தங்கம் இருக்கிறது. அதைப் பார்த்து "பிரேசில் தங்கம் இன்னும் இருக்கிறதே" என்பவர்களை நம்பாதீர்கள். பிரேசில் தங்கம் எப்போதோ ஃபால்மத் போய்விட்டது. இது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சேர்ந்தது: இரண்டாம் உலகப் போரில் இரு தரப்புக்கும் விற்ற டங்ஸ்டன், பிரான்சுக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் எல்லாம் அதில் அடக்கம்.

நடுவில் ஓய்வுக்கு 1925ஆம் ஆண்டு அல்வெஸ் ரெயிஸ் வழக்கைப் படியுங்கள். போலி ஆவணங்களைக் காட்டி, மத்திய வங்கிக்கு அச்சடிக்கும் லண்டன் அச்சகத்திலேயே வாஸ்கோ ட காமா படம் போட்ட 500 எஸ்குடோ நோட்டுகளை அச்சடித்து வாங்கிவிட்டார். முதல் ஆர்டரே 2 லட்சம் நோட்டு. அங்கோலாவுக்கு என்று காரணம் சொன்னார். காலனி என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துவைத்திருந்தார் மனுஷன்.

ஏடுகளைத் தேடும் இடம்

தமிழ் வாசகருக்கு ஒரு சௌகரியம், நம் கரையே ஒரு பக்கம். நாகப்பட்டினமும் சாந்தோமும் அரசரின் கோட்டைகளைவிடத் தனியார் போர்ச்சுகீசிய வணிகர்களின் குடியிருப்புகள். கோவாவுக்கு அடங்காமல் மலாக்காவுக்குத் துணி அனுப்பியவர்கள் அவர்கள். முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537க்குள் மதம் மாறியதைச் சமயக் கதையாக மட்டும் படிக்காமல், முத்துச் சலாபத்தின் பாதுகாப்பும் வரியும் யார் கைக்கு மாறின என்று பாருங்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைச் சேர்த்துக்கொண்ட பிறகு ஊர் ஊராக வரி எழுதிய 1645ஆம் ஆண்டுப் பதிவேடு அச்சில் வந்திருக்கிறது. ஒரு தணிக்கைக்காரனுக்கு அதைவிட விருந்து கிடையாது.

மூல ஏடுகளுக்கு லிஸ்பனில் இரண்டு இடம். அரச ஆவணங்களுக்குத் தோரே தோ தொம்பு, காலனி நிர்வாகத்துக்குக் கடல்கடந்த நாடுகளின் வரலாற்று ஆவணக்காப்பகம். தோரே தோ தொம்பு ஏடுகளில் ஒரு பகுதியை இணையத்தில் படமாகவே இலவசமாகப் பார்க்கலாம். நம் நாட்டில் பனாஜியில் உள்ள கோவா ஆவணக்காப்பகம். அங்கே மொன்சோஎன்ஸ் என்ற தொகுதிகள் முக்கியம், பருவக்காற்றுக் கப்பல்களில் லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் போய்வந்த அரசுக் கடிதங்கள். கையெழுத்துப் பிரதியில் நேரே குதிக்க வேண்டாம். ஒரே கடிதத்தின் அச்சுப் பதிப்பையும் அசல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் எண்களை மட்டும் அடையாளம் காணுங்கள். எண் பிடிபட்டால் சுருக்கெழுத்துகள் பின்னாலேயே வரும். கடிதம் எழுதிய தேதி, அது போய்ச்சேர்ந்த தேதி இரண்டையும் குறியுங்கள். லிஸ்பன் உத்தரவு போட்ட விஷயம் கோவாவில் எட்டு மாதம் முன்பே முடிந்துபோயிருக்கும்.

கை பழகியதும் தனியாகச் செய்து பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். 1661 ஒப்பந்தப்படி, பிரேசிலின் மீதான உரிமையை டச்சுக்காரர்கள் விட்டுக்கொடுக்கப் போர்ச்சுகல் 40 லட்சம் குருசாடோ நஷ்டஈடு ஒப்புக்கொண்டது. கையில் அவ்வளவு காசு ஏது? கடைசியில் சேத்துபால் உப்பளங்களின் உப்பைக் கொடுத்துப் பல வருஷம் கழித்தார்கள். டச்சுக்காரர்களுக்கு ஹெரிங் மீனை உப்புக்கண்டம் போட அந்த உப்பு கட்டாயம் வேண்டும். வரவு, போக்கு இரண்டு பத்தியையும் நிரப்புவது கஷ்டமாக இருக்காது. உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு மூன்றாவது பத்தியில் என்ன எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்.